காய்க்கும்போது கைவிடுகிறோம்: சென்னையின் எஃப்சியும் ஓவன் கோய்லும்

கோச் ஓவன் கோய்ல் இரண்டாவது முறையாகச் சென்னையின் எஃப்சி கால்பந்து கிளப்பை விட்டுப் போனது 2025இல். அவர் கடைசியாக நடத்திய 2024-25 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் 13 அணிகளில் 11வது இடம். அதைப் பார்த்துவிட்டு "நல்லவேளை, போய்த் தொலைந்தார்" என்றவர்களும் உண்டு, "அவரைப் போய் விடலாமா" என்று கொதித்தவர்களும் உண்டு. மேட்ச் பார்க்கப் போகும் எங்கள் கூட்டத்திலேயே இது பெரிய சண்டை. ஒரு பக்கம் அவர் நம்மைக் கொண்டுபோன 2020 பைனலை எடுத்து நீட்டுகிறது, இன்னொரு பக்கம் பாயின்ட் டேபிளை எடுத்து நீட்டுகிறது. இரண்டுமே உண்மைதான். ஆனால் கோச் நல்லவரா கெட்டவரா என்ற இந்தச் சண்டையில் நம் கிளப்பின் நிஜமான வியாதி யார் கண்ணிலும் படாமல் தப்பித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் ஆத்திரம். இந்தக் கட்டுரை அந்த வியாதியைப் பற்றியது. கோய்லைப் பற்றியும்தான், அவரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது.

முதலில் 2019-20. அப்போதைய கோச் ஜான் கிரகரி பதவி விலகியபோது ஆறு மேட்ச்சில் நமக்கு ஐந்து பாயின்ட். முதல் நான்கு மேட்ச்சில் ஒரு கோல்கூட இல்லை. இத்தனைக்கும் முந்தைய சீசனில்தான் 18 ஆட்டங்களில் 9 பாயின்ட் எடுத்துக் கடைசி இடத்தில் கிடந்தோம், அதற்கும் முந்தைய சீசனில் சாம்பியன். அந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் பார்த்துச் சலித்துப்போயிருந்த நேரத்தில்தான், 2019 டிசம்பரில், பர்ன்லியை இங்கிலாந்து பிரீமியர் லீகுக்கு ஏற்றியவர் என்ற பெயரோடு இந்த ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். பெரிய பெயர்களோடு வருகிறவர்களை ஐஎஸ்எல் நிறையப் பார்த்திருக்கிறது, அதனால் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். அணி அப்படியேதான் இருந்தது. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்டே, தாபா, பின்னால் கோயனும் எலி சாபியாவும், கோலில் விஷால் கைத். கிரகரி வைத்திருந்த அதே ஆட்கள். கோய்ல் செய்தது, எனக்குப் புரிந்த வரையில், இரண்டு விஷயம். எதிரணி பந்தைப் பின்னாலிருந்து எடுத்துவர முயலும்போது நம் முன்வரிசை நான்கு பேரும் சேர்ந்து பாய வேண்டும் என்றார். பந்து கிடைத்தவுடன் பின்னால் திருப்பாமல் முதல் பாஸே முன்னால் போக வேண்டும் என்றார். மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் கண்ணில் அடித்தது. கிரகரி காலத்தில் பந்து கைமாறினால் நம்மாட்கள் நாலடி பின்வாங்கி அணிவகுத்து நிற்பார்கள். கோய்ல் காலத்தில் அதே ஆட்கள் பந்து வைத்திருப்பவனை நோக்கி ஓடினார்கள்.

இதற்கு நல்ல சாட்சி 2020 பிப்ரவரி 1, கொச்சி. கேரளா பிளாஸ்டர்ஸை அவர்கள் வீட்டிலேயே 6-3 என்று அடித்த மேட்ச். முதல் கோலை நினைத்துப் பாருங்கள்: கோல்கீப்பர் ரெஹனேஷ் காலிலிருந்து தப்பி வந்த பந்து நேராகக் கிரிவெல்லாரோவிடம் போகிறது, அவர் உள்ளே தள்ளிவிடுகிறார். அதை அதிர்ஷ்டம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். நம்மாட்கள் முன்னால் போய் மூச்சுமுட்ட நின்றதால்தான் அந்த பாஸ் தப்பியது, கிரிவெல்லாரோ அங்கே நின்றதும் தற்செயல் இல்லை. கிரிவெல்லாரோ இரண்டு, வால்ஸ்கிஸ் இரண்டு, சாங்டே இரண்டு. எதிரணியில் ஓக்பெச்சே ஹாட்ரிக் அடித்தும் அந்த மேட்ச் ஒரு நொடிகூட நம் கையை விட்டுப் போகும் என்று தோன்றவில்லை.

நான்காவதாக முடித்து, லீகில் முதலிடம் பிடித்த கோவாவை அரையிறுதியில் இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டினோம். சென்னையில் 4-1, கோவாவில் 2-4. அந்த இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்த எவருக்கும் இருதயம் பலமாகத்தான் இருக்க வேண்டும். அப்போது கோவாவுக்கு இடைக்காலக் கோச்சாக இருந்தவர் கிளிஃபர்ட் மிராண்டா. அந்தப் பெயருக்குப் பிறகு வருகிறேன். பைனல் மார்ச் 14, கோவாவின் ஃபடோர்டா, கொரோனாவால் ரசிகர்களே இல்லாத காலி ஸ்டேடியம். கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றோம். வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கினார்.

சரி, அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? பைனல் வரை வந்த அணி, இளம் இந்திய ஆட்டக்காரர்கள், கோல் அடிக்கிற ஃபார்வர்டு, எல்லாரையும் ஓட வைக்கிற கோச். இதைக் கட்டிக் காப்பதுதானே கிளப்பின் வேலை? கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் கூடவே போனார். 2021-22இல் அதே கோய்ல் ஜாம்ஷெட்பூரை லீகின் உச்சியில் வைத்து ஷீல்டை வாங்கிக் கொடுத்தார். அந்த ஷீல்டு மேல் எனக்கு இன்றும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு, மறைக்க மாட்டேன்.

நமக்கு என்ன ஆனது? சபா லாஸ்லோ வந்தார், எட்டாவது இடம். போஸிதர் பாந்தோவிச் வந்தார், எட்டாவது இடம். தாமஸ் பிரதாரிச் வந்தார், எட்டாவது இடம். மூன்று வருடம், மூன்று கோச், மூன்று முறையும் அதே எட்டு. கோச்சை மாற்றினால் அணி மாறும் என்று நினைக்கிறவர்கள் இந்த மூன்று வருடத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூன்று பேரும் மூன்று விதமான ஆட்கள். லாஸ்லோ தோற்காமல் இருக்கத் தெரிந்தவர், ஆனால் டிரா மேல் டிராவாக எடுத்தார், கோலே வரவில்லை. பாந்தோவிச் இறுக்கிப் பிடித்து ஆடப் பார்த்தார், 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 வாங்கியதும் போய்விட்டார், மிச்ச மேட்ச்சுகளை சபீர் பாஷா ஓட்டினார். பிரதாரிச் திறந்து ஆட விட்டார், கோல் அடித்தோம், அதைவிட அதிகம் வாங்கினோம். ஆட்ட முறை மூன்று வகை, முடிவு ஒன்றே. அப்படியென்றால் கோளாறு கோச் உட்காரும் பெஞ்சில் இல்லை, ஆள் எடுப்பதிலும் ஆளை வைத்துக்கொள்வதிலும்தான் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் மொத்த வாதமும் இதில்தான் நிற்கிறது. 2021-22இலிருந்து ஐஎஸ்எல்லில் ஒரு நேரத்தில் நான்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள்தான் களத்தில் இருக்கலாம். அதாவது ஏழு பேர் இந்தியர்கள். நல்ல வெளிநாட்டு ஃபார்வர்டை எந்த கிளப்பும் காசு கொடுத்துப் பிடித்துவிடலாம், உலகம் பூராவும் ஆள் இருக்கிறார்கள். ஆனால் நல்ல இந்திய சென்டர் மிட்ஃபீல்டர், நல்ல இந்திய விங்கர், நம்பிக்கையான இந்திய கோல்கீப்பர், இவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். அந்த ஏழு பேர் யார் என்பதுதான் பட்டம் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கிறது. மோகன் பாகனுக்கு இது தெரியும். மும்பை சிட்டிக்குத் தெரியும். நமக்குத் தெரியாதா? தெரியும். நம்மிடம்தான் அந்த ஆட்கள் இருந்தார்களே!

2022-23 சீசனின் விருதுப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். லீகின் சிறந்த ஆட்டக்காரர், மும்பை சிட்டியின் லல்லியன்சுவாலா சாங்டே. 2022 ஜனவரி வரை நம் சட்டையில் ஆடியவர். சிறந்த கோல்கீப்பருக்கான கோல்டன் குளோவ், ஏடிகே மோகன் பாகனின் விஷால் கைத். 2022 வரை நம் கோல்கீப்பர். வளரும் ஆட்டக்காரர், பெங்களூரு எஃப்சியின் சிவசக்தி நாராயணன். சிவகங்கைப் பையன், முன்னாள் இந்திய ஆட்டக்காரர் ராமன் விஜயன் நடத்திய பயிற்சிப் பள்ளியில் வளர்ந்தவன். கோல்டன் பூட் மட்டும் ஒடிசாவின் டியகோ மௌரிசியோவுக்கு. நான்கு பெரிய விருதில் மூன்று, நம்மிடம் இருந்து போன இரண்டு பேருக்கும் நம் மண்ணிலிருந்து போன ஒருவனுக்கும். அந்த சீசனில் நாம் எட்டாவது இடம். இதற்கு மேல் நான் என்ன எழுத?

சாங்டே விஷயம்தான் என்னால் தாங்க முடியாதது. டெல்லி அணியில் வேகம் மட்டும் இருந்த பையனாக இருந்தவரை இங்கே கோய்ல் ஃபார்வர்டாக்கினார். 2020 அரையிறுதியின் இரண்டு ஆட்டத்திலும் கோல். அதற்கு முன் அவர் இறக்கையோரமாக ஓடி, எல்லைக்கோட்டுப் பக்கம் போய், குருட்டாம்போக்கில் கிராஸ் போடுவார். கோய்ல் அவரை இரண்டாவது போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். பந்து இடப்பக்கம் இருக்கும்போது வலப்பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் நுழைவார். அந்த ஓட்டத்தைத்தான் பிறகு மும்பையில் நாடு பூராவும் பார்த்தது. நம்மிடம் இருந்த கடைசிக் காலத்தில் அவருக்குக் கோல் வரவில்லை என்று கேலரியில் திட்டியவர்களும் இருந்தார்கள். 24 வயதுப் பையனுக்கு ஒரு மோசமான வருடம் வருவது சகஜம். அந்த வருடத்தைப் பொறுத்துக்கொள்கிற கிளப்புக்குத்தான் அடுத்த நல்ல வருடம் கிடைக்கும். மும்பைக்குக் கிடைத்தது.

அனிருத் தாபா கதை வேறு, வலி ஒன்றுதான். 2016இல் பதினெட்டு வயதில் வந்தார், நம் கண் முன்னால் வளர்ந்தார், கேப்டன் ஆனார், 2023இல் மோகன் பாகனுக்குப் போனார். தாபாவை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்று வருடம் எட்டாவது இடத்தில் நின்ற அணியிலிருந்து, பட்டம் ஜெயிக்கிற அணி கூப்பிட்டால் எந்த ஆட்டக்காரனும் போவான், போகவும் வேண்டும். மோகன் பாகன் 2024-25இல் லீகில் முதலிடத்துக்கான ஷீல்டையும் பைனல் ஜெயித்தவர்களுக்கான கோப்பையையும் சேர்த்து ஜெயித்தபோது அந்த அணியின் கோலில் கைத் இருந்தார், நடுவில் தாபா இருந்தார். இரண்டு பேரும் 2020 பைனலில் நமக்காக ஆடியவர்கள். இதுபோக ஜெர்ரி ஈஸ்ட் பெங்காலுக்கு, ரஹீம் அலி ஒடிசாவுக்கு, ஆகாஷ் சாங்வான் கோவாவுக்கு. மரத்தை நட்டு, தண்ணீர் ஊற்றி, காய்க்கும் நேரத்தில் அடுத்த வீட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டு, மறுபடி விதை வாங்கக் கடைக்குப் போகிற கிளப் நாம்.

"காசு இல்லை, என்ன செய்ய முடியும்" என்பார்கள். மோகன் பாகனோடும் மும்பையோடும் காசில் மோத முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எல்லாரையும் வைத்திருக்க வேண்டாம், எல்லாரையும் விட வேண்டுமா? அதுவும் போகட்டும், விட்டுவிட்டால் அந்த இடத்துக்கு யார் என்று முன்கூட்டியே ஒரு ஆளைப் பார்த்து வைக்க வேண்டாமா? தாபா போன இடத்தில் ஒரு வருடம் வேறு ஆள், அடுத்த வருடம் இன்னொரு ஆள், அதற்கடுத்த வருடம் இன்னொரு ஆள். நடுக்களம் என்பது பக்கத்தில் ஆடுகிறவன் எந்தக் காலில் பந்தைக் கேட்பான் என்பது மனப்பாடம் ஆனால்தான் ஓடும். ஒவ்வொரு ஜூலையிலும் புது மனப்பாடம் என்றால் டிசம்பர் வரை தடுமாற்றம்தான், டிசம்பருக்குள் சீசன் பாதி போய்விடும்.

வெளிநாட்டு ஆள் எடுப்பதிலும் இதே கதை. 2018இல் பட்டம் ஜெயித்த அணியை நினைத்துப் பாருங்கள். பெங்களூரு லீகில் 40 பாயின்ட், நாம் இரண்டாவதாக 32. பைனல் அவர்கள் ஊரில், கண்டீரவாவில். பெங்களூருவின் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே அடித்துவிட்டார். நம் நெல்சன் கார்னர் அடிக்க மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டினார், ஒன்று. மறுபடி நெல்சன் கார்னர், மறுபடி மைல்சன், இரண்டு. ரஃபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து விட்டது மூன்று. பெங்களூருவின் மிக்கு கடைசியில் ஒன்று அடித்தும் 3-2 என்று நாம் ஜெயித்தோம். நம் அந்த அணியின் பலம் பின்வரிசையின் நடுவில் நின்ற மைல்சனும் செரினோவும். செரினோ போனார். தனபால் கணேஷுக்கு முழங்கால் காயம். ஜேஜேவுக்கு கோல் வறண்டது. அந்த ஓட்டைகளை அடைக்க வந்தவர்களில் ஒருவர்கூட பழைய ஆளின் பாதி அளவுக்கு இல்லை. சாம்பியன் அணி ஒரே வருடத்தில் கடைசி இடம் போனதற்கு மந்திரம் தந்திரம் எல்லாம் காரணம் இல்லை, அந்த ஒரு கோடைக்காலத்தில் எடுத்த ஆட்களும் எடுக்காத ஆட்களும்தான் காரணம். கிரகரியைத் திட்டினார்கள். நானும் அவருடைய ஆட்டம் கண்ணுக்கு அழகு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கார்னரையும் ஃப்ரீகிக்கையும் வைத்தே ஒரு அணியைச் சாம்பியன் ஆக்கிய மனிதருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை இங்கே கிடைக்கவில்லை.

நாசர் எல் கயாத்தியை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பிரதாரிச் காலத்தில் வந்த டச்சுக்காரர். அந்தச் சுமாரான அணியில் 9 கோல். காலில் பந்து ஒட்டியிருக்கும், உடம்பை ஒரு பக்கம் சாய்ப்பார், டிஃபெண்டர் நம்பி அந்தப் பக்கம் போவான், அவர் இந்தப் பக்கம் வந்து அடித்துவிடுவார். கிரிவெல்லாரோவுக்குப் பிறகு, காலில் பந்து போனதும் கேலரி தானாக எழுந்து நின்றது இவருக்குத்தான். காயம் வந்தது, ஒரே சீசனோடு சரி. காயப்படும் உடம்பை வைத்து அணி கட்ட முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மாதிரி ஒரு ஆளை அடுத்த வருடம் தேடக்கூட இல்லையே என்பதுதான் என் கேள்வி.

இப்போது கோய்லின் இரண்டாவது வருகை. 2023இல் அவர் திரும்பி வருகிறார் என்றதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. முதல் சீசனில் ஆறாவது இடம், நான்கு வருடத்துக்குப் பிறகு பிளே ஆஃப், நாக்அவுட்டில் கோவாவிடம் 2-1 தோல்வி. கையில் இருந்த அணியை வைத்துப் பார்த்தால் அது நல்ல வேலை. அவர் கொண்டுவந்த கானர் ஷீல்ட்ஸை எத்தனை பேர் சரியாகப் பாராட்டினார்கள் என்று தெரியவில்லை. ஆரம்பத்தில் அவர் என்ன ஆட்டக்காரர் என்றே புரியவில்லை, ஃபார்வர்டா, விங்கரா, மிட்ஃபீல்டரா என்று. 2024-25இல் லீகிலேயே சக ஆட்டக்காரர்களுக்கு கோல் வாய்ப்பு உருவாக்கிக் கொடுப்பதில் முன்வரிசையில் நின்றது அந்த மனிதர்தான், அதுவும் 11வதாக முடித்த ஒரு அணியில் ஆடிக்கொண்டு. அவர் கொடுத்த பந்துகளை முன்னால் இருந்தவர்கள் ஒழுங்காக உள்ளே தள்ளியிருந்தால் நாம் பிளே ஆஃப் போயிருப்போம் என்பது என் உறுதியான எண்ணம். வில்மர் ஜோர்டான் கில் 8 கோல் அடித்தார், குறை சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் வரிசையில் யாருமில்லை.

கோய்லிடம் எனக்குப் பெரிய வருத்தமும் உண்டு. முதல் முறை வந்தபோது அவர் கையில் இருந்த ஆட்களை வைத்து என்ன செய்ய முடியும் என்று பார்த்தார். இரண்டாவது முறை, தனக்கு ஒத்துவரும் என்று தோன்றிய ஆட்களை ஏற்கெனவே பழகிய முகங்களிலிருந்து தேடினார். கிரிவெல்லாரோ திரும்பி வந்தார். கிரிவெல்லாரோவை நான் கும்பிடுவேன், ஆனால் 2023இல் வந்த கிரிவெல்லாரோ 2020இன் கிரிவெல்லாரோ இல்லை, காயத்துக்குப் பிறகு அந்த வேகம் திரும்பவே இல்லை. டேனியல் சீமா சுக்வு, எல்சின்ஹோ, இருவருமே ஐஎஸ்எல்லில் ஏற்கெனவே ஆடிப் பழகியவர்கள், ஜாம்ஷெட்பூர் சட்டை போட்டவர்கள். தெரிந்த பேயே மேல் என்ற கணக்கு. அனுபவம் வேண்டும்தான், ஆனால் அவர் விரும்பிய ஆட்டம் ஓடி ஓடி எதிரணியின் கழுத்தைப் பிடிக்கிற ஆட்டம், அதற்கு வயதான கால்கள் ஒத்துழைக்காது. 2024-25இல் பல மேட்ச்சில் எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு நம் நடுக்களம் காலியாகக் கிடந்ததை மைதானத்தில் இருந்த எல்லாரும் பார்த்தோம். முன்னால் நான்கு பேர் பாய்வார்கள், பின்னால் நான்கு பேர் பயந்து பின்வாங்குவார்கள், நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்டே கட்டலாம் போல இடம் இருக்கும். எதிரணி அங்கே நிதானமாகப் பந்தைப் பிடித்துத் திரும்பிப் பார்த்து பாஸ் போட்டது.

இன்னொன்று, கியான் நாசிரி. மோகன் பாகனுக்காக கொல்கத்தா டெர்பியில், அதாவது ஈஸ்ட் பெங்காலோடு மோதும் மேட்ச்சில், ஹாட்ரிக் அடித்த பையன், 2024இல் நம்மிடம் வந்தான். அவனுக்குத் தொடர்ந்து ஐந்தாறு மேட்ச் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. கடைசி நிமிடங்களில் இறக்கிவிட்டால் எந்த இளம் ஃபார்வர்டும் எதையும் நிரூபிக்க முடியாது. அதே சமயம் இர்ஃபான் யாத்வாடை வளர்த்தது கோய்ல்தான், இரண்டாம் நிலை லீகிலிருந்து வந்தவனை இந்திய அணி கூப்பிடும் அளவுக்குக் கொண்டுபோனார். ஃபரூக் சௌத்ரி பெரிய காயத்திலிருந்து திரும்பி மறுபடி நீல நிற இந்தியச் சட்டை போட்டதும் அவர் காலத்தில்தான். ஆகவே இளைஞர்களை வளர்க்கத் தெரியாதவர் என்று சொன்னால் அது அநியாயம். தெரிந்தவர்தான், இரண்டாவது முறை அதைப் போதுமான அளவு செய்யவில்லை.

அப்புறம் நம்ம ஊர்ப் பையன்கள். இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

2018 மார்ச் 13, கோவாவோடு அரையிறுதி, நேரு ஸ்டேடியம். ஜேஜே முதல் கோல் அடித்த சூடு ஆறுவதற்குள் தனபால் கணேஷ் இரண்டாவது அடித்தார். வியாசர்பாடிப் பையன். எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு அமைதியாக இருந்தவர், எழுந்து நின்று என் தோளை உலுக்கி "நம்ம ஏரியா புள்ளப்பா, நம்ம ஏரியா புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கண்ணில் தண்ணீர். ஜேஜே அடித்த இரண்டு கோலுக்கும் அவர் கைதட்டினார், ஆனால் அழுதது கணேஷுக்குத்தான். ஒரு கிளப் ஊரோடு ஒட்டுவது அப்படித்தான். எந்த விளம்பரப் பலகையும் அந்த வேலையைச் செய்யாது.

கணேஷின் முழங்கால் அவரை ஏமாற்றிவிட்டது, அது யார் தப்பும் இல்லை. ஆனால் நந்தகுமார் சேகர்? வட சென்னைப் பையன். டெல்லி போனான், ஒடிசா போனான், 2023இல் ஒடிசாவோடு சூப்பர் கப் ஜெயித்தான், ஈஸ்ட் பெங்காலுக்குப் போன கையோடு அந்த ஆகஸ்டில் டூரண்ட் கப் டெர்பியில் மோகன் பாகனுக்கு எதிராக ஒரே கோல் அடித்து நான்கு வருடத்துக்கு மேல் டெர்பி ஜெயிக்காத ஈஸ்ட் பெங்காலைக் கொண்டாட வைத்தான். கொல்கத்தாவில் அவன் பெயரைச் சொல்லி ஆடினார்கள். பெரியமேட்டில், நம் நேரு ஸ்டேடியத்தில், ஆடியிருக்க வேண்டிய ஆட்டம் அது. கன்னியாகுமரி கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூரிலும் ஏடிகேயிலும் பெயர் எடுத்தான். சிவசக்தியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

நாம் கடைசி இடத்தில் கிடந்த அதே 2018-19இல் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி எஃப்சி, நாட்டின் இன்னொரு பெரிய லீகான ஐ-லீக்கை ஜெயித்தது. கடைசி நாள் மேட்ச்சில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று அடித்துப் பட்டம். அக்பர் நவாஸ் கோச், பெட்ரோ மான்ஸி 21 கோல். அந்த அணியில் இருந்த ஸ்பானிஷ்காரர்களைச் சுற்றி ஆடியவர்களில் நிறையப் பேர் தமிழ்நாட்டுப் பையன்கள். அந்த அணியிலிருந்து எட்வின் சிட்னி வான்ஸ்பாலை நாம் எடுத்தோம், நல்ல எடுப்பு, ரைட் பேக்காகவும் நடுக்களத்திலும் எங்கே நிறுத்தினாலும் உழைத்தார். அஜித்குமார் பெங்களூருவுக்குப் போனார், ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்குப் போனார். ஒரே மாநிலத்தில் சாம்பியன் அணி ஒன்று பக்கத்திலேயே இருக்கும்போது அதன் முதுகெலும்பை நாம் கையோடு தூக்கிவந்திருக்க வேண்டாமா? ஊர்ப் பாசத்துக்காகச் சொல்லவில்லை. மேலே சொன்ன ஏழு இந்தியர் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். மோகன் பாகன் காசு கொடுத்து வாங்கும் ஆளை நாம் காசு கொடுத்து வாங்க முடியாது என்றால், மோகன் பாகன் பார்ப்பதற்கு முன்னால் நாம் பார்க்கக்கூடிய ஆட்கள் வியாசர்பாடியிலும் கன்னியாகுமரித் தூத்தூரிலும்தான் இருக்கிறார்கள். கையில் காசு குறைவாக உள்ள கிளப்புக்கு அதுதான் வழி, வேறு குறுக்குவழி கிடையாது.

கோய்லுக்குப் பிறகு கிளிஃபர்ட் மிராண்டா வந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. 2020 அரையிறுதியில் நம்மை அந்த இரண்டாவது ஆட்டத்தில் நடுங்க வைத்தது அவர் அணி. நந்தகுமார் ஆடிய ஒடிசாவுக்கு அந்த சூப்பர் கப்பை வாங்கிக் கொடுத்த கோச்சும் அவரே. இந்திய ஆட்டக்காரர்களை உள்ளும் புறமும் தெரிந்தவர். 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லையே நிறுத்திவைத்து, லீக் நடக்குமா நடக்காதா என்று எல்லா கிளப்பும் திணறிய நேரத்துக்குப் பிறகு இந்தப் பொறுப்பை எடுத்ததற்கே துணிச்சல் வேண்டும்.

அவரிடம் ஆறு மேட்ச்சில் ரிசல்ட் கேட்காதீர்கள். கேட்க வேண்டியதை நிர்வாகத்திடம் கேளுங்கள்: 23 வயதுக்குக் கீழே இருக்கும் எந்த நான்கு இந்திய ஆட்டக்காரர்களை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டித்து ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று. கேப்டனாக வளர்ந்த பையன் கடைசி வருட ஒப்பந்தத்தில் நுழையும் வரை ஏன் காத்திருக்கிறீர்கள் என்று. சென்னை சீனியர் டிவிஷன் லீக் மேட்ச்சுகளுக்கு உங்கள் ஆள் யாராவது நோட்டுப் புத்தகத்தோடு வருகிறாரா என்று. நான் அந்த மேட்ச்சுகளுக்குப் போகிறவன். நேரு ஸ்டேடியத்தில் நாலு மணி வெயிலில் நூறு பேர் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டங்கள் அவை. போன முறை போனபோது இடப்பக்க விங்கில் ஒரு பையன் ஆடினான், மெலிந்த உடம்பு, இடது காலில் பந்தை வாங்கி நிமிர்ந்து பார்த்துத்தான் பாஸ் போடுகிறான். பதினெட்டு வயதுகூட இருக்காது. பெங்களூருக்காரர்கள் வருவதற்குள் யாராவது போய்ப் பாருங்கள்.